ஏரியல் மாமாவும் ராகு காலமும்

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் சரியான நேரம் தெரிந்த ஒரே மனிதர் ஏரியல் மாமாதான். மற்றவர்களுக்கெல்லாம் சுமாராகத்தான் தெரியும். மணி என்ன என்று அவரைக் கேட்டால், "எந்த மணி?" என்று திருப்பிக் கேட்பார். பதில் வருவதற்குள் கேட்டவர் மாடி ஏறிப் போயிருப்பார்.

அந்த வீட்டில் மூன்று கடிகாரங்கள். கூடத்தில் இருந்தது கிரீன்விச் நேரம். அது, தேசம் விட்டுத் தேசம் பேசுகிற மாமாவின் ஹாம் ரேடியோவுக்கு. கையில் ரயில்வே நேரம், ஆபீசுக்கு. சமையலறைச் சுவரில் பம்பாய் நேரம், மாமிக்கு. அந்த நாளில் ஊரில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே மணிக்கு முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் பம்பாய் மணி நிதானமாக வரும்.

யுத்தத்துக்கு முன்பு அந்த ரேடியோ வழியாக, ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கு ஓயாத ஜலதோஷம் என்று மாமாவுக்குத் தெரியும். எதிர் வீட்டு டைப்பிஸ்டுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது தெரியாது. யுத்தம் வந்தது. சர்க்கார் ரேடியோ லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டது; ஜலதோஷக்காரர் பட்டாளத்துக்குப் போனார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்த அன்றே மாமா சொன்னார்: "அவர் இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சாகணும். டவர் போடணும்."

பின்பக்கம் ஏரியல் கட்ட நாற்பதடி இரும்புக் கோபுரம் நிறுத்த ஏற்பாடாயிற்று. வீட்டுக்கார சேட், மழைக்கு முன் முடிக்காவிட்டால் அஸ்திவாரக் குழியை மூடிவிடுவேன் என்றார். மாதக்கணக்கில் நடந்து வாங்கிய பர்மிட்டில் கிடைத்த சிமென்ட், ஒரே ஒரு அஸ்திவாரத்துக்குத்தான் காணும். அது பாழானால் கோபுரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை. ராகு காலத்தில் கத்திரிக்காய்கூட நறுக்க ஆரம்பிக்காத மாமி, "நாலரைக்குள்ள முதல் சட்டி கலவை குழியில விழுந்தாகணும், சொல்லிட்டேன்" என்று எச்சரித்திருந்தாள். மணல் வண்டிக்காரனிடம் மாமா மூன்று மணி என்றார். எந்த மணி என்று சொல்ல மறந்துவிட்டார். அவன் பம்பாய் மணிக்கு, அதற்கும் மேல் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். சித்தாட்களும் வராததால் நாங்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலும் ஜல்லியும் சிமென்டும் புரட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கலந்த பிறகுதான் டைப்பிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு இருபது. ராகு காலம் ஓய்."

எல்லோரும் சட்டியைக் கீழே வைத்துவிட்டோம்.

தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலிக் கொத்தனாருக்குப் பதறியது. "சாமி, தண்ணி ஊத்தியாச்சு. ஆறு மணி வரைக்கும் இது காத்துக்கிட்டு இருக்காது. இறுகிட்டுன்னா பொறவு கடப்பாறைதான்."

மாமா முன்னால் வந்தார். எங்களிடம் அவர் பேசிய முதல் பிரசங்கம் அது. "ரயில்வே மணிக்கும் ராகுவுக்கும் என்ன சம்பந்தம்? இது பம்பாய் மண். பம்பாய் மணிதான் கணக்கு. அதன்படி இப்போ நாலு..." என்றவர் மனதுக்குள் கழித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நாலு நாற்பத்தொன்று. பொய் மணி சொல்ல அவருக்கு வராது. கலவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி விறுவிறுவென்று மாடிக்குப் போனாள். சமையலறைக் கடிகாரத்தைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"நாலு பத்துதான் ஆறது. போடுங்கோன்னா."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். முதல் சட்டியை அவரே தூக்கிக் கொட்டினார். பின்னாலேயே நாங்கள் கொட்டினோம். பெண்டுலம் ஆடவில்லை என்பதை நான் பார்த்தேன். அடுத்த சட்டியைத் தூக்கினேன்.

கோபுரம் நின்றது. மழைக்கு முந்தின ஞாயிறு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, காதில் ஹெட்போனோடு மாமா வெகுநேரம் தந்திச் சாவியைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"இருக்கார். இப்பவும் ஜலதோஷமாம்."

சமையலறைக் கடிகாரம் நாலு பத்திலேயே நின்றது. அரை விநாடி தப்பினாலும் திருத்துகிற மனிதர் அதைத் தொடவேயில்லை. மாமி உள்ளேயிருந்து மணி கேட்பாள். எந்த மணி என்று கேட்காமல் மாமா உடனே பம்பாய் மணியைச் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே நான் எத்தனையோ நாள் அந்த வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்றிருக்கிறேன்.