பூஞ்சை இல்லாச் சான்றிதழ்

ஈரத் துண்டைக் காயப்போட பால்கனிக்கு வந்த குமாஸ்தா, தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துச் சின்ன அறையின் ஜன்னல் வழியாக மாமியாரின் குரல் வந்துகொண்டிருந்தது. பெரிய மகளிடம் போனில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். ரகசியம் என்பது அவருடைய நினைப்பு. எதிர்வீட்டு நாய்கூட காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு மட்டும் இங்கயே கிடக்கணும்னு வேண்டுதலாடி? எல்லாம் இந்த வீட்டுப் பூஞ்சையால வந்த வினை. சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு சத்தமே இல்லாம இருக்கு. பார்க்கப் பார்க்கப் பகீர்ங்குது. உன் தங்கச்சியை இதோட விட்டுட்டு நான் எப்படி வர்றது? இது சரியாகட்டும், மறுநாளே பெட்டியைக் கட்டிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்."

ஒட்டுக்கேட்பது தவறு என்று குமாஸ்தாவுக்குத் தெரியும். ஆனால் காதுக்கு மூடி வைத்துப் படைக்காதது அவர் குற்றமில்லையே. அவர் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. 'பெட்டியைக் கட்டிட்டு' என்ற சொற்கள் தேனாக இறங்கிக்கொண்டிருந்தன.

மாமியார் பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர். அந்தப் பத்து நாளுக்கு இப்போது ஆறாவது மாதம் நடந்தது. அவர் இருக்கும் சின்ன அறை அதற்கு முன் குமாஸ்தாவின் ராஜ்ஜியம். அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி எறிவார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் குறுக்கெழுத்துப் புதிரில் மூன்று கட்டம் நிரப்புவார். நாலாவது கட்டத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவார். உலகத்திடம் அவர் கேட்ட சுகமே அவ்வளவுதான். இப்போது அந்த நாற்காலியில் மாமியாரின் துணிமூட்டை சாய்ந்திருந்தது. குமாஸ்தா தன் சொந்த வீட்டில், மரியாதையை உத்தேசித்து, கழுத்துப் பொத்தான்வரை போட்ட தொளதொள சட்டையோடு ஹாலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை. "எங்கம்மா உங்களுக்குப் பாரமா?" என்று மனைவி ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்லி உயிரோடு மீண்ட கணவன் யாரும் இல்லை.

ஆக, பூஞ்சைதான் தடை. வீட்டுச் சுவரில் வளரும் பூஞ்சை மூச்சோடு உள்ளே போய் என்னென்ன செய்யும் என்று போன வாரம்தான் செய்தித்தாளில் அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். மாமியார் அதை எழுத்துக்கூட்டிப் படித்ததை அவரே பார்த்தார். குமாஸ்தா நேரே படுக்கையறைக்குப் போய், பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று படர்ந்திருந்தது. தொலைந்த பிள்ளையைக் கண்டதுபோல் அவருக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் லீவு போட்டார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்றம் வெளியே போய் மாமியாருக்குத் தெரிந்துவிடாதபடி ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுத் தேய்த்தார். மூன்று மணி நேரம் கழித்துச் சுவர் வெளுத்தது. குமாஸ்தாவின் கண் சிவந்தது. தொண்டை அடைத்துக்கொண்டு இரண்டு நாள் கஞ்சி கூட இறங்கவில்லை.

இருமல் கேட்டு எட்டிப் பார்த்த மாமியார், சுவரில் மிச்சமிருந்த கறையைக் கண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பூசணத்தோடயா மாப்ளே மல்லுக்கட்டினீங்க? ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தாப் போச்சு. வாங்க, ரெண்டு முட்டை அவிச்சு வெச்சிருக்கேன்."

"வேணாம் அத்தை. வாசனையே ஆகலை."

குமாஸ்தா மனதுக்குள் சிரித்துக்கொண்டார். என்ன நடிப்பு! போனில் பகீர், நேரில் ஈரத்துணி. ஆனாலும் மாமியார் தன்னை மேலும் கீழும் பார்த்த பார்வை அவருக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை பால்கனியில் துண்டு காயப்போடும் வேலை அவருக்குத் தானாக வந்து சேர்ந்தது.

"முன்னைக்கு இப்ப ரொம்ப மோசம்டி," என்றது ஜன்னல். "கறுத்துப் போய், பார்க்கவே சகிக்கலை. நாமளா ஒண்ணும் பண்றதுக்கில்லை. நல்ல ஆளாப் பார்த்து ஒரு டெஸ்ட் எடுத்துடணும். ரிப்போர்ட் வந்தாத்தான் எனக்கு நிம்மதி."

குமாஸ்தா புல்லரித்துப் போனார். டெஸ்ட்! ரிப்போர்ட்! இது அவர் பாஷை அல்லவா? அவர் வேலை பார்த்தது சான்றிதழ்ப் பிரிவில். ஒருவர் நேரில் வந்து நின்று தும்மினால்கூட, உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்கும் இடம் அது. மாமியாரும் தன்னைப்போலக் காகிதத்தை நம்புகிறவர் என்று தெரிந்ததும், ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர்மீது குமாஸ்தாவுக்கு ஒரு மதிப்பு வந்தது.

காற்றுப் பரிசோதகர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். கூழ் உறைந்த வட்டத் தட்டுகளை அறைக்கு ஒன்றாகத் திறந்து வைத்தார். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து அதில் விழுந்து முளைக்குமாம். ஐந்து நாளில் எண்ணிச் சொல்வாராம். தட்டு திறந்திருக்கும் ஒரு மணி நேரம் யாரும் நடக்கக் கூடாது, தும்மக் கூடாது, மின்விசிறி கூடாது என்றார்.

"பேசலாமா?" என்று கேட்டார் மாமியார்.

"கூடாதும்மா."

அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பரிசோதகருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியது.

அடுத்து, காற்றில் கலந்த ரசாயனத்தை அளக்கும் ஒரு மீட்டரை எடுத்தார் பரிசோதகர். அது படுக்கையறையில் நுழைந்ததும் ஐயோ ஐயோ என்று கத்தியது.

"என்ன சார் தெளிச்சீங்க? இந்தக் காத்துல கொசுவே நாலு நாள் தாங்காது."

"பிளீச்சிங் பவுடர். அப்புறம் அந்த நாத்தம் போக சென்ட். சென்ட் நாத்தம் போக வேற ஒரு சென்ட்."

"ஜன்னல்?"

"சாத்தித்தான் வெச்சேன்."

பரிசோதகர் போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டார். பிறகு இரண்டு ஊசி நீட்டிய கருவி ஒன்றைச் சுவரில் குத்தி ஈரம் பார்த்தார். "பூஞ்சை வேற எங்கேர்ந்தும் வரலை சார். ஈரம் இருந்தா வரும், ஈரம் போனாப் போகும். மொதல்ல வீட்டைக் காய வைங்க."

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வெளிக்காற்றைவிட உள்ளே மூன்று மடங்கு பூஞ்சை. அதிலும் ஹால் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தது. காரணம், பரிசோதனைக்கு முன்தினம் வீடு சுத்தமாகத் தெரியட்டும் என்று குமாஸ்தா எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்து, ஹாலிலேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்.

"சுத்தமா இல்லாமப் பண்ணி, ஒரு சான்றிதழ் தரணும்," என்றார் குமாஸ்தா.

"அடியோட இல்லாமப் போகாது சார். காத்துன்னு இருந்தா கொஞ்சம் இருக்கும். வெளியவிட உள்ள கம்மின்னா அதுதான் பாஸ்."

"பாஸ்னு எழுதி முத்திரை குத்துவீங்களா?"

"குத்துவேன்."

"அது போதும்."

வீட்டைக் காய வைக்கும் படலம் தொடங்கியது. விடிகாலை எழுந்து சுவர்களுக்கு மின்விசிறி காட்டினார். அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து திரும்பக் காட்டினார். சாப்பாட்டுப் பை பிரிக்கப்படாமல் போய்த் திரும்பி வந்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்கியதால், சுத்தியலும் ஆணியும் எடுத்து பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். அதற்கெல்லாம் கவலைப்பட அவருக்கு நேரமில்லை.

"என்னங்க, கட்டின பொண்டாட்டியோட பேசுறதை விட்டுட்டு சுவத்தோட என்ன குடும்பம் நடத்துறீங்க?" என்றாள் மனைவி.

"எல்லாம் உங்கம்மா நல்லதுக்குத்தான்," என்றார் குமாஸ்தா. அந்த வாக்கியத்தில் பொய்யே இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் இன்னொரு தொல்லை. மாமியார் எதிரில் நின்றுகொண்டு, தட்டில் பாதி இருக்கும்போதே மூன்றாவது கரண்டியைச் சரிப்பார். "போதும் அத்தை" என்றால் நாலாவது விழும். சுவரின் ஈரத்தோடு படும் பாடு போதாதென்று இவர் வேறு சாப்பாட்டால் நேரத்தைத் தின்கிறாரே என்று குமாஸ்தா பாதியில் எழுந்துவிடுவார்.

பத்து நாள் கழித்து மறுபடி துண்டு காயப்போடப் போனார்.

"நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேன்டி," என்றது ஜன்னல், அழாத குறையாக. "மேல பூசி மெழுகினா ஆகாது. உள்ளுக்குள்ளதான் ஏதோ கோளாறு. திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

திறந்து பார்ப்பதா? சுவரையா? யோசித்தபோது அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முதலில் பீரோவை நகர்த்த வேண்டும். ஆள் கூப்பிட்டால் ஊருக்குத் தெரியும் என்று குமாஸ்தா தானே தோள்கொடுத்தார். பீரோ அசையவில்லை, இடுப்புதான் அசைந்தது. இரண்டாவது முறை தள்ளியபோது பீரோ நகர்ந்து, சுவர் ஓரமாகப் போன தண்ணீர்க் குழாயின்மேல் போய்ச் சாய்ந்தது. பிறகு வீட்டைக் காய வைக்கும் கவலை இல்லாமல் போனது. கணுக்கால்வரை தண்ணீர்.

பிளம்பர் வந்தார். அவர் தட்டிய இடத்தில் சுவர் பொத்தென்று உள்ளே போனது.

"அடேங்கப்பா! தோண்டத் தோண்ட வருதே சார்! உள்ள பழைய குழாய் ஒண்ணு வருஷக்கணக்கா கசிஞ்சிருக்கு. இந்தப் பக்கம் பாருங்க, ஆள் உசரத்துக்குக் கறுப்பு!"

குமாஸ்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, மாமியார் சொன்னது அப்படியே பலித்திருந்தது. சுவரைத் திறக்காமலே உள்ளே கோளாறு என்று கண்டுபிடித்த அந்த அம்மாளை இவ்வளவு நாள் சாதாரணமாக நினைத்துவிட்டோமே என்று அவர் வெட்கப்பட்டார்.

அடுத்த மூன்று வாரம் வீடு போர்க்களம். படுக்கையறை இடிபட்டதால் மனைவி அம்மாவோடு சின்ன அறைக்குப் போனாள். குமாஸ்தா சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே ஹாலில் சுருண்டார். பக்கெட் பக்கெட்டாக இடிபாடு சுமந்தார். தூசியில் சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்காரர்களின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி, "உங்களுக்கு ஒரு உயிர்ச் சான்றிதழ் வாங்கி வெச்சுக்கிறது நல்லது," என்றார். பெல்ட்டில் ஓட்டை போட இடம் தீர்ந்துபோய், மின்விசிறிப் பெட்டியைக் கட்டி வந்த கயிற்றுக்கு மாறினார். அவருக்கு உள்ளூர அழுகையாகத்தான் வந்தது. ஆனால் கண்ணை மூடினால் சாய்வு நாற்காலி தெரிந்தது. அதற்காக எதையும் தாங்கலாம் என்று பல்லைக் கடித்தார்.

மறுபரிசோதனை நடந்தது. தட்டுகள் திறந்தன, மூடின. ஐந்து நாளையும் குமாஸ்தா விரல்விட்டு எண்ணினார். ஆறாம் நாள் பரிசோதகர் சான்றிதழோடு வந்தார். வெளிக்காற்றைவிட உள்காற்றில் பூஞ்சை பாதிக்கும் கீழே. பாஸ். வட்டமான ஊதா முத்திரை.

குமாஸ்தா அதை லேமினேட் செய்தார். சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, சின்ன அறை வாசலில் நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

"அத்தை, இனிமே நீங்க கவலைப்படவே வேணாம். இந்த வீட்ல பூஞ்சைங்கிற பேச்சுக்கே இடமில்லை. அரசாங்க முத்திரை மாதிரி முத்திரை."

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமாஸ்தாவை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் கண் நிறைந்தது.

"ரொம்ப சந்தோஷம் மாப்ளே," என்று தழுதழுத்தவர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

பிரிவாற்றாமை, என்று நினைத்துக்கொண்டார் குமாஸ்தா. இந்தத் தடவை துண்டு காயப்போடப் போகவில்லை. எல்லாம்தான் முடிந்துவிட்டதே!

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சகலை, அதாவது மாமியாரின் பெரிய மாப்பிள்ளை. கதவு முழுக்க அவர் மட்டுமே தெரிந்தார், அவ்வளவு அகலம். குமாஸ்தாவின் முகம் ஆயிரம் விளக்காக எரிந்தது.

"வாங்க சகலை, வாங்க! அத்தையைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? இதோ, பெட்டியைக் கட்டச் சொல்றேன்!"

சகலை மூச்சு வாங்க, முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை உள்ளே தள்ளினார்.

"கூட்டிட்டுப் போறதா? நேத்து போன்ல ஒரே அழுகை. மீதித் துணிமணியை எல்லாம் இங்க கொண்டாந்து போடச் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு வருஷமாவது ஆகுமாம்."

"ஏன்? அதான் பூஞ்சை போயிடுச்சே!" குமாஸ்தா அலறிக்கொண்டே போய்ச் சான்றிதழை எடுத்து வந்து நீட்டினார். கயிறு தளர்ந்து பேன்ட் நழுவ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

சகலை சான்றிதழைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். தொளதொளத்த சட்டைக்குள் இருக்கிற ஆளைத் தேடிப் பார்த்தார். பிறகு தோளில் கைபோட்டு, வயிறு குலுங்கச் சொன்னார்:

"எனக்குப் 'பீப்பா'ன்னு பேர் வெச்ச அன்னிக்கே அத்தை உங்களுக்குப் 'பூஞ்சை'ன்னு வெச்சுட்டாங்களே சகலை, இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"