கனகரத்தினம் வைத்த பெயர்ப் பூட்டு

கனகரத்தினம் ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் தன் அனுமதி இல்லாமல் ஒரு தாள்கூட அச்சாகக் கூடாது. இந்த முடிவை அவர் கிணற்றடியில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, மெல்லிய குரலில் எடுத்தார்.

பஹ்ரெயினில் ஆறு வருடம் ஓர் எண்ணெய்க் கொம்பனியின் கொம்பியூட்டர் அறையில் வேலை பார்த்தவர். நல்லூருக்குத் திரும்பியபோது, அங்கே கழித்துவிட்ட மூன்று கொம்பியூட்டர்களும் ஒரு பிரிண்டரும் கூடவே வந்து இறங்கின. எண்பத்தொன்பதாம் ஆண்டில் அந்த ஒழுங்கையில் பலருக்குக் கொம்பியூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. இவர் வீட்டில் முன்னறையில் ஒன்று, நடு அறையில் ஒன்று, குசினிக்குப் பக்கத்து விறாந்தையில் ஒன்று. மூன்றையும் கூரைவளை வழியே கம்பி இழுத்துத் தொடுத்திருந்தார். பிரிண்டர் முன்னறையில், அவருடைய கைக்கெட்டும் தூரத்தில்.

விறாந்தையில் மனைவி ஞானாம்பிகை பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தட்டச்சுப் படிப்பித்தாள். முன்னறையில் கனகரத்தினம் புத்தகம் எழுதினார். கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாததால் ஆங்கிலத்தில் எழுதினார். குடும்பத் தலைவன் குடும்பத்தை ஆளும் முறை பற்றி அறுபத்திரண்டு பக்கம். நடுநடுவே எழும்பிப் போய்த் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுவார்.

புத்தகம் முடிந்தது. அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பிரிண்டரில் இருந்தது கடைசி மை றிபன். கொழும்பிலிருந்து அடுத்த றிபன் எப்போது வரும் என்று கடைக்காரனைக் கேட்டால் அவன் வானத்தைப் பார்த்தான். மிஞ்சிப் போனால் அறுபத்தைந்து பக்கம் தாங்கும்.

"இஞ்சாருங்கோ, சனிக்கிழமை பெட்டையளுக்குச் சோதினை. நாப்பது தாள் அடிக்கவேணும்," என்றாள் ஞானாம்பிகை.

முடியாது என்ற சொல் அவருடைய தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"அதுக்கென்னப்பா, தாராளமா அடியும்," என்றார்.

அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினார். அதுவரை அந்தக் கொம்பியூட்டர்களுக்கு வெறும் இலக்கங்கள்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார். எந்தப் பெயர் எந்த இலக்கம் என்று ஒரு பட்டியல் எழுதி மூன்றிலும் ஏற்றினார். நடு அறைக் கொம்பியூட்டர் நல்லூர். விறாந்தையில் இருந்தது நீர்வேலி, மனைவியின் ஊர். பிரிண்டரோடு இருந்த முன்னறைக் கொம்பியூட்டருக்கு, கனகரத்தினம்.

"எங்கடை ஊரைக் கொண்டுபோய்க் குசினிப் பக்கம் வைச்சிட்டியளே!"

"அது கிடக்கட்டும். இனி அச்சடிக்கிறதெண்டால் பிரிண்டர் நிக்கிற கொம்பியூட்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடவேணும். பேரை அடிச்சீரெண்டால் அது பட்டியலைப் பாத்து இலக்கத்தை எடுக்கும். இலக்கத்தைப் பிடிச்சு ஆளிட்டைப் போகும். ஒரு இலக்கத்துக்கு எத்தினை பேரும் வைக்கலாம், தெரியுமே? நான் ஒரே ஒரு பேர்தான் வைச்சனான்."

"என்ன பேர்?"

"என்ரை பேர்," என்றார். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

ஞானாம்பிகையின் கையில் இருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடம். ஒருநாளும் அவள் கணவன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறைந்துவிடும் என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். எழுதுவதும் அதே பாவம். ஒருமுறை நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் அவரைத் தொலைத்துவிட்டாள். ஒலிபெருக்கிக்காரன் பெயர் கேட்டான். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். 'காணாமற்போன கணவர் உடனே வரவும்' என்று அவன் அறிவித்தான். ஏழு கணவன்மார் வந்து நின்றார்கள். இவர் மட்டும் கடலை வாங்கப் போயிருந்தார்.

"நான் மறிக்கேல்லை. பேரை அடியும், அச்சாகும்," என்றார் கனகரத்தினம். பிறகு முன்னறைக்குப் போய்க் கதிரையில் ஏறிக் குந்தினார். சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை விறாந்தையில் கதைக்கிற சத்தம் கேட்டது. காதைச் சுவரோடு வைத்தார்.

"பிள்ளை பெர்னடெட், நீ உந்தப் பேரை ஒருக்கா அடி."

பெர்னடெட் குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து படிக்கிற பெண். நிமிடத்துக்கு அறுபது சொல் அடிப்பாள். மற்றப் பெண்களைப்போல அவளுக்கும் ரீச்சரின் கணவர் 'மாஸ்ரர்'தான்.

"ஐயோ ரீச்சர்! மாஸ்ரற்றை பேரை நான் எப்பிடி? மரியாதையில்லை."

"நான் அடிக்கேலாது. நீயும் மாட்டாய். அப்ப ஆர் அடிக்கிறது?"

"மாஸ்ரர் எண்டு அடிச்சுப் பாப்பம்."

தட்டும் சத்தம். பிறகு அமைதி.

"அப்பிடி ஒராள் இல்லையாம் ரீச்சர்."

கனகரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதிரையும் சேர்ந்து குலுங்கியது. சரித்திரத்திலேயே சாவி இல்லாமல் பூட்டின முதல் ஆள் தான்தான் என்று நினைத்தார். அந்த மகிழ்ச்சியில் கண் சொருகி, மெல்லக் குறட்டை விட்டார்.

'கிரீச், கிரீச்' என்ற சத்தத்தில் துள்ளி எழுந்தார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே விழுந்து கிடந்த குவியலின்மேல் ஒரு தாள் விழுந்தது. இன்னொன்று. அவர் விறாந்தைக்குப் பறந்தார்.

"இஞ்சாரும்! என்ரை பேரை அடிச்சிட்டீரோ? என்ரை ஆயுள்?"

"சிவ சிவா! நான் ஏன் உங்கடை பேரை அடிக்கிறன்? வீட்டிலை கூப்பிடுற மாதிரித்தான் கூப்பிட்டனான்."

திரையில் பட்டியல் திறந்து கிடந்தது. முன்னறை இலக்கத்துக்கு எதிரே, ஆங்கில எழுத்தில், 'இஞ்சாருங்கோ'.

"ஒரு இலக்கத்துக்கு எத்தினை பேரும் வைக்கலாமெண்டு நீங்கள்தானே சொன்னியள்? ஒருக்காத்தான் கூப்பிட்டன். உடன வந்திட்டுது. உங்களை நாலுதரம் கூப்பிடவேணும்."

முன்னறைக்கே நேரே போகலாம் என்பது பதற்றத்தில் தோன்றாமல் அவர் நடு அறைக்கு ஓடினார். அச்சை நிறுத்த அங்கிருந்து முன்னறைக் கொம்பியூட்டரைப் பிடிக்க வேண்டும். தன் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல் அடித்தார்.

அப்படி ஒருவர் இல்லை என்றது கொம்பியூட்டர்.

மறுபடி அடித்தார். மறுபடியும் இல்லை.

"பழைய பேரை அழிச்சுப்போட்டன்," என்று விறாந்தையிலிருந்து குரல் வந்தது. "கண்ணிலை படேக்கை எனக்கொரு மாதிரிக் கிடந்தது. மூண்டிலையும் அழிச்சாச்சு."

முன்னறைக்குத் திரும்பி ஓடி வந்து பிரிண்டரை நிறுத்த அதன் ஆளியை அமர்த்தும்போது நாற்பதாவது தாள் விழுந்தது. எழுத்துகள் பழங்கஞ்சி நிறத்தில் இருந்தன. அறுபத்தைந்து தாங்கும் என்ற கணக்குப் பொய்த்து, றிபனின் கதை முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு பக்கமும் இனி கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள்தான்.

இடிந்துபோய் ஒரு தாளை எடுத்தார். வாசித்தார். அவருடைய கண் விரிந்தது. 'வீட்டில் தலைவனின் சொல்லே இறுதிச் சொல்.' அது அவருடைய புத்தகத்தின் முதற்பக்கம். நாற்பது தாளிலும் அதுவேதான். நாற்பது பிரதி! நாற்பது வாசகர்கள்! தாளைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். கோபம் வழியிலேயே கொட்டுப்பட்டுப் போயிற்று.

"இது என்ரையெல்லோ?"

"ஓம். பேரை அழிக்க உங்கடை பெட்டிக்குள்ளை போகேக்கை கண்டன். வாசிச்சுப் பாத்தன். சோதினைக்கு உதையே குடுப்பமெண்டு எடுத்தன்."

கனகரத்தினம் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "அவ்வளவுக்குப் பிடிச்சுதோ?"

"வேகச் சோதினைக்கு உதை விட்டால் வேறை இல்லையப்பா," என்றாள் ஞானாம்பிகை. "அடிக்கிற பிள்ளைக்கு நிண்டு யோசிக்க ஒரு இடமும் வராது."