சராசரியில் சேராத மனுசன்

அந்தக் கருஞ்சேவலைக் குப்பண்ணன் கடைசியாக உயிரோடு பார்த்தது, மச்சினன் அருள்குமார் பெட்டியோடு வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில். மாரியம்மன் நோம்பிக்கென்று வளர்த்த சேவல். மத்தியானம் குழம்பில் கிடந்தது. கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்திருக்கிறது, ரூம் கிடைக்கும்வரை இங்கேதான் என்றான் மச்சினன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோடு வரைக்கும் யாரும் ரூமே கட்டவில்லை போல. மாதம் ஓடிப்போயிற்று.

'கிளம்பு' என்று நேரே சொல்ல மனைவி சரஸ்வதியம்மாளின் கண் விடவில்லை. கணக்கு வழியாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார் குப்பண்ணன். கணக்கோடு எந்தப் பெண்டாட்டி சண்டை போட முடியும்? தினமும் காலையில் தலையைக் குனிந்தபடி மற்றவர்கள் தட்டில் விழும் இட்லியை எண்ணினார். மச்சினனுக்கு மிஞ்சிவிடக் கூடாதே என்று தன் தட்டில் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டார்.

செமஸ்டர் லீவுக்கு வந்திருந்த மகள் கிருத்திகா லேப்டாப்பைத் திறந்தாள்.

"அம்மணி, ஊட்டுல ஆளுக்குச் சராசரியா எத்தனை இட்லின்னு போடு. ஒட்டாமத் தனியா நிக்கற நெம்பரு இருக்குமல்ல, அதச் சேக்காமப் போடோணும்."

"எக்செல்ல ஃபார்முலா இருக்குதுங்ப்பா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு தள்ளிட்டு நடுவுல இருக்கறதுக்குப் போடும்."

"தள்ளுனது யாருன்னு காட்டுமா?"

"செவப்பு அடிச்சுக் காட்டீரலாமுங்க."

குப்பண்ணனுக்கு வாயெல்லாம் பல். அக்காளையும் தம்பியையும் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்.

"நாஞ் சொல்லலை, கம்ப்யூட்டர் சொல்லுது. செவந்த ஆளு ஊட்டுக் கணக்குல இல்ல."

"அப்பறம் பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"மாறுனா என் பேரு குப்பண்ணன் இல்ல."

மச்சினன் நாலு, அம்மாள் மூன்று, மகள் இரண்டு. அடித்து முடித்த கிருத்திகா நிமிர்ந்தாள்.

"உங்க வரி எங்கீங்ப்பா?"

"நான் எண்றவன் அம்மணி. என்னைய எதுக்கு?"

"எண்றவரையும் ஒருத்தர் எண்ணோணுமல்லங்க," என்றாள் சரஸ்வதியம்மாள். "ஊத்தறவளுக்குத் தெரியாதா? போடு கண்ணு, பதினொண்ணு."

"ஒம்போது!" என்று கத்தினார் குப்பண்ணன்.

"பானையத் தொறந்து நின்னவாக்குல தின்ன ரெண்டு?"

கிருத்திகா ஃபார்முலாவைத் தட்டினாள். கீழே அவள் சிவந்தாள். மேலே குப்பண்ணன் சிவந்தார்.

"சராசரி மூணரைங்க மாமா," என்றான் அருள்குமார், ரொம்ப மரியாதையாக. "நானும் அக்காளும் சரியா நடுவுல இருக்கறோம்."

மறுநாள் விடிந்ததும் கிருத்திகா கோயமுத்தூர் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினாள். தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த குப்பண்ணன் குளித்துத் தட்டின் முன் உட்கார்ந்தார். அக்காளும் தம்பியும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்புள்ள, எனக்கு?"

"உங்க கணக்குப் பிரகாரம் ரெண்டு பேருக்கு ஏழுதானுங்க ஊத்துனேன்."

எழுந்துபோய் மூடியைத் திறந்தார். இட்லிப் பானையில் வெந்நீர் மட்டும் இருந்தது.