பாய்லர் தண்ணீர் குடித்த கீரை

எந்த வேலை பார்க்கிறோமோ அந்த வேலையின் கண்தான் நமக்கு வாய்க்கும். தையல்காரர் ஆளின் முகத்தைப் பார்க்கும் முன்பு சட்டையின் காலரைப் பார்ப்பார். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பாய்லரைப் பார்த்துக்கொள்பவன். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால், இதில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கும் என்றுதான் முதலில் யோசிப்பேன். (தாகமெல்லாம் அப்புறம்தான்.)

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரியான ரேவதி அதே தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தாள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் அப்பா விவசாயி. "ஒரு புடி மண்ணுகூட இல்லாதவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று கேட்டவர், கடைசியில் மனசு இறங்கிக் கல்யாணத்துக்கு வந்தார். ஆனால் என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது. சண்டையும் கிடையாது. நான் பக்கத்தில் நிற்கும்போதே மகளிடம், அவர் சாப்பிட்டாரா என்று கேட்பார். நானும் ரேவதி வழியாகவே, சாப்பிட்டேன் என்று பதில் அனுப்புவேன். நண்பர்களின் மாமனார்கள் வாய் நிறைய 'மாப்ளே' என்று கூப்பிடும்போது எனக்கு வயிறு எரியும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கிக் கிடந்தேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

மண் இல்லாதவன் என்றுதானே சொன்னார்? மண்ணே இல்லாமல் விளைவித்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில், பிவிசி குழாய்களில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நாற்றாகப் பாலக்கும் சிறுகீரையும் வைத்தேன். தொட்டியில் உரம் கரைத்த தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று சுற்றிச் சுற்றி அனுப்பும்.

இப்போது தண்ணீர் விவகாரம். எங்கள் குழாய்த் தண்ணீர், வாளியில் வெள்ளைத் தடம் விட்டுப் போகிற ரகம். பிடித்து ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றினால் போதும், குளோரின் வாடை போய்விடும் என்றாள் ரேவதி. "நாமளே அதத்தான குடிச்சிக்கினு கீறோம்?" என்று ஒரு நியாயமும் சொன்னாள். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. சுண்ணாம்பு படிந்தால் பாய்லர் குழாய் என்ன கதிக்கு ஆளாகும் என்று பார்த்தவன் நான். கீரையின் நரம்பு அதைவிட எத்தனை மெலிசு! அடைத்துக்கொள்ளாதா?

பாய்லருக்கு எமனான சுண்ணாம்பு செடிக்குச் சத்து என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குப் பாய்லர் தெரியும்; அதனால் இது தெரியவில்லை.

தொழிற்சாலையில் இருப்பது போலவே மாடியிலும் ஒரு குட்டி சாஃப்ட்னர் செய்தேன். தடித்த குழாய் ஒன்று, அதற்குள் ரெசின் என்கிற மணி மணியான சரக்கு. தண்ணீர் அதன் வழியே இறங்கினால் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குக் கொஞ்சம் உப்புச் சத்தை விடும். ரெசின் களைத்துப்போனால் கல்லுப்பைக் கரைத்து ஊற்றித் தெம்பேற்ற வேண்டும். பிறகு அந்த உப்பு முழுக்கப் போகும்வரை அலசிக் கீழே விட வேண்டும். (இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

ஒரு கிருத்திகை அன்று, வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட ரேவதியின் அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. கீரையைக் காலையிலேயே கிள்ளி வைத்துவிடலாம் என்றாள் ரேவதி. நான் விடவில்லை. மாமனார் தன் கையால் கிள்ள வேண்டும், என் மகசூலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்று காலை வழக்கம்போல ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்தைச் சொட்டினேன். நீலம் வர வேண்டிய இடத்தில் லேசாக ரோஸ் தட்டியது. சுண்ணாம்பு எட்டிப் பார்க்கிறது! மாமனார் வருகிற நாளிலா? கல்லுப்பைக் கரைத்து ரெசினில் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து ஷிப்டில் இருந்தவன் போன் செய்து, பாய்லர் ட்ரிப் ஆகி நின்றுவிட்டது என்றான். அவனுக்கு வழி சொல்லிக்கொண்டே கைப் பழக்கத்தில் வால்வைத் திருப்பினேன். அலச வேண்டிய உப்புக் கரைசல் முழுவதும் நேராகக் கீரைத் தொட்டிக்குப் போனது. நான் போனிலேயே பாய்லரைக் காப்பாற்றிய பெருமையோடு குளிக்கப் போனேன்.

மதியம் நெற்றி நிறைய விபூதியோடு வந்தவரை முதலில் மாடிக்குத்தான் அழைத்துப் போனேன். கீரை மொத்தமும், நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்குகிற பசங்களைப் போலக் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு வால்வு ஞாபகம் வந்தது. கண்ணு பட்டிருக்கும் என்று மாமியார் மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷி. ரேவதி என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

மாமனார் குழாய்ப் பக்கம் குனிந்தார். ஓர் இலையைக் கிள்ளி மென்றார். பிறகு தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. வழக்கம்போல மகள் பக்கம் திரும்பினார். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் என்னிடமே கேட்டார்.

"இன்னா மாப்ளே, உப்பு போட்டேவா வளக்கறீங்க?"

முதல் இரண்டு வார்த்தைக்கு அப்புறம் எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. "வால்வத் தப்பாத் திருப்பிட்டேன் மாமா" என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கீரை போன துக்கத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். (நானும் மறுக்கவில்லை.) பயிர் போனதற்குக் கலங்குகிறவன் மேல் அவருக்கு மரியாதை உண்டு போலிருக்கிறது. என் தோளில் கை வைத்தார்.

"உடுங்க. போட்ட வெள்ளாம எல்லாமா வூடு வந்து சேந்துடுது?"

அதோடு விடவில்லை. உட்கார்ந்து, தொங்கிய கீரையையெல்லாம் கிள்ளி மடியில் சேர்த்தார். நன்றாக அலசிப் பருப்போடு கடையச் சொன்னார். உப்பு மட்டும் போட வேண்டாம் என்றார். ரேவதி போடவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது என்று மாமியார் இன்றுவரை சாதிக்கிறார்.

சாஃப்ட்னரைக் கழற்றிவிட்டேன். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுகிறோம். கீரை ஜோராக வளர்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியிலும், குழம்பில் உப்பு குறைந்தால் யாரும் உப்பு கேட்பதில்லை. மாமனார்தான் ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்: "மாப்ளய கூப்புடு, மாடிலேந்து ரெண்டு எல கிள்ளியாரட்டும்."

சில நாள் குழம்பில் உப்பு சரியாகவே இருக்கும். அன்றைக்கும் கூப்பிடுவார்.