பதினாறு டிகிரி

"கூர்முனை கீழே இருக்கணும், மாமா" என்று முட்டைத் தட்டை ஏ.சி. அறை மேசைமேல் வைத்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "குஞ்சு பொரிக்கிற முட்டை. பொரிக்கிற பெட்டி வர ஒரு வாரமாகும். அதுவரைக்கும் ரூம் பதினாறு டிகிரியிலயே இருக்கணும். உங்க உடம்புக்கு ஒத்துக்குமோ என்னமோ!"

அத்தனையும் புளுகு. தெருமுனைக் கடையில் வாங்கிய சமையல் முட்டைகள் அவை. கடைக்காரர் மனைவியின் சித்தப்பா, கண்ணாடி மாற்ற இரண்டே நாள் என்று வந்து நாற்பது நாளாகிவிட்டது. ஏ.சி. உள்ள ஒரே அறை அவருக்கு. மனைவியும் மகளும் சின்ன அறையில். கடைக்காரருக்குக் கூடத்து சோபா. அது அவரைவிட ஒரு முழம் குட்டை. தன் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவருக்கு. கிளம்புங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. குளிர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை சித்தப்பா குல்லாயும் கம்பளியுமாக வெளியே வந்தார். கம்பளியோ கடைக்காரருடையது.

"ஜம்முனு தூக்கம், மாப்பிள்ளை!"

கடைக்காரர் விடவில்லை. "நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் முட்டையைப் புரட்டணும், மாமா. தூக்கம் கெடுமே!"

"நான் எதுக்கு இருக்கேன்?"

அன்றிலிருந்து அலாரம் அடிக்கும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து முட்டைகளைப் புரட்டினார். பிறகு சோபாவுக்கு வந்து கடைக்காரரை உலுக்கி, "புரட்டியாச்சு, மாப்பிள்ளை!" என்று தகவல் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

"ரூம்ல ஈரப்பதமும் வேணுமாம், மாமா" என்றார் கடைக்காரர், மூன்றாம் நாள், கண்கள் சிவக்க.

குளியலறையில் இருந்த இரண்டு வாளித் தண்ணீரும் ஏ.சி. அறைக்குள் போயிற்று. கடைக்காரர் குளிக்காமல் கடைக்குப் போனார்.

எட்டாம் நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "பெட்டி வரலை, மாமா. ஒரு வாரம் தாண்டினா பொரிக்கிறது சந்தேகம்தான். தூக்கிப் போட்டுடலாம்."

"அட, நானே ஒண்ணு வாங்கிட்டேனே! இன்னும் இருபத்தோரே நாள்!"

கடைக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். சமையல் முட்டையாவது, பொரிப்பதாவது! சித்தப்பா மனம் உடைந்து தானாகவே மூட்டை கட்டுவார்.

பெட்டியில் வைத்த இருபத்தோராம் நாள் காலை, ஏ.சி. அறையில் கீச் கீச் என்று சத்தம் கேட்டது. பெட்டிக்குள் ஒன்பது குஞ்சுகள்.

"எப்படி?" என்றார் கடைக்காரர்.

சித்தப்பா வெட்கத்தோடு சிரித்தார். "எவனோ உங்களை நல்லா ஏமாத்திட்டான், மாப்பிள்ளை. ஒரு முட்டைல கடை முத்திரையே இருந்தது. நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடியிலதான் பளிச்சுனு தெரிஞ்சது. நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேனு மறுநாளே கோழி வளர்க்கிறவங்ககிட்ட நல்ல முட்டையா வாங்கி மாத்தி வெச்சுட்டேன். இனிமே குஞ்சுங்களைக் கொஞ்சம் தேத்திவிடணும். ரெண்டு மாசம் போதும்."

அவர் தீனி வாங்கப் புறப்பட்டதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். நீங்க முட்டை கொண்டுவந்தீங்களே, அன்னிக்கு சாயங்காலம் ஊருக்குப் போறதுக்கு டிக்கெட் எடுத்துப் பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தார். மாப்பிள்ளை பாவம், இத்தனை முட்டையையும் தனியா எப்படிச் சமாளிப்பார்னு அந்த டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டார்."