நேரில் வரவும்

பூட்டு என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை செய்யப்பட்ட பூட்டுகளிலேயே உயர்ந்தது எது என்று கேட்டால், உரிமையாளனாலேயே திறக்க முடியாத பூட்டு என்று தயங்காமல் சொல்லலாம். அப்படியொரு பூட்டை உலகுக்கு வழங்கிய பெருமை மட்டக்களப்புப் பகுதியில் கிளை வைத்திருக்கும் ஒரு வங்கியையே சாரும். வங்கியின் பெயரைச் சொல்ல எமக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு வங்கியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதிக்கு நேரில் போகவேண்டும்.

இந்தப் பூட்டின் அருமையை முழுமையாக அனுபவித்தவர் காத்தான்குடி அப்துல் கபூர். ஓய்வுபெற்ற உப தபாலதிபர். முப்பத்துநாலு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்பதால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு மரியாதை வந்துவிடும். பிறருடைய கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்ததில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. மணியோடர்க் காசை உரியவரின் கையெழுத்தில்லாமல் உரியவரின் மனைவியிடம்கூடக் கொடுத்ததில்லை. இதனால் ஊரில் சில மனைவிமார் இன்றும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவருடைய ஒரே மகன் அப்ஹாமுக்கு மெல்பேர்னில் படிக்க இடம் கிடைத்தது. முதல் தவணைக் கட்டணம் கட்டியாயிற்று. பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வாப்பாவும் மகனும் வங்கிக்குப் போனார்கள். 'கடல்கடந்த வாடிக்கையாளர் உதவி மேசை' என்று எழுதியிருந்த இடத்தில் ஷாகிரா என்ற இளம் அதிகாரி இருந்தார். சிரித்த முகம். சட்டமும் சுற்றறிக்கையும் தலைகீழ்ப் பாடம்.

“மிஸ், என்ட போன் நம்பர மாத்தணும். அங்க போனா இந்த சிம் வேல செய்யா” என்றான் அப்ஹாம்.

“புது நம்பர் என்ன?”

“அது அங்க போய்த்தான் எடுக்கணும்.”

“அப்ப அங்க போய் எடுத்திட்டு வாங்க.”

“எங்க வாற?”

“இஞ்சதான். நேர்ல. அங்கத்த விலாசத்துக்கு வந்த பில் ஒண்டு, பாஸ்போட், ரெண்டு போட்டோ.”

“நான் வெளிநாட்டில இரிக்கிறன் எண்டு காட்டுறத்துக்கு இஞ்ச வரணுமா?”

“ஓம். நீங்க அங்க இரிக்கிறீங்க எண்டு நாங்க எப்பிடி நம்புற? நேர்ல பாத்தாத்தானே தெரியும்?”

“வாப்பாக்கு அட்டோர்ணிப் பத்திரம் எழுதிக் குடுத்திட்டுப் போறனே.”

“தாராளமாக் குடுங்க. ஆனா ஓ.டி.பி. அட்டோர்ணி வாசிக்காதே.”

ஓ.டி.பி. என்பது, காசை அசைக்கும்போதெல்லாம் கணக்குக்காரரின் போனுக்கு வங்கி அனுப்பும் ஆறு இலக்க இரகசிய எண். ஆயுள் மூன்று நிமிடம். மகன் பல்லைக் கடிப்பது கேட்டாலும், கபூர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். என்ன கவனம்! என்ன கட்டுப்பாடு!

ஷாகிரா குரலைத் தாழ்த்தினார். “எல்லாரும் செய்யிறதச் செய்ங்க தம்பி. போன வாப்பாட்டக் குடுத்திட்டுப் போங்க. நம்பர் வந்தா அவர் ஒங்களுக்குச் சொல்லுவார்.” அவருடைய தலைக்கு மேலே சுவரில் வங்கியின் பெரிய சுவரொட்டி ஒன்று இருந்தது: 'உங்கள் ஓ.டி.பி.யைப் பெற்ற தாய் தந்தைக்கும் சொல்லாதீர்கள்.'

அப்ஹாம் விமானம் ஏறினான். போன் வீட்டில் பதவியேற்றது.

கபூர் அதற்கென்று நீள அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டு, அட்டையில் 'உள்வரும் குறுஞ்செய்திப் பதிவேடு' என்று எழுதினார். அந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டம், ஓர் அரிசி ஆலை, அதையும் தாண்டினால் வாவி. வாவிக்கரையில், அதுவும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றால்தான் போனில் நாலு கோடும் எழும்பும். ஆகவே தினமும் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் கபூர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தபால் பை எடுப்பதுபோல் செய்திகளை எடுத்துவருவார். நாலு மாதத்தில் வங்கியிடமிருந்து அறுபத்தொரு செய்தி. அனுப்பியவர், திகதி, நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. ஒன்றையும் அவர் வாசிக்கவில்லை. அவருக்கு வந்தவை அல்லவே!

“என்னத்த எழுதி இரிக்கி எண்டு ஒருக்காப் பாருங்களன்” என்பார் மனைவி கைறுன்னிஸா.

“அடுத்தவன்ட தபால உடைக்கச் சொல்றியா?”

“அடுத்தவனா? நான் பெத்த புள்ளதானே!”

“பெத்தது நீ. கணக்கு அவன்ட பேர்ல.”

இரண்டாம் தவணைக்கான கடைசி நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்குள் காசு வங்கியை விட்டுப் புறப்பட்டு, அதற்கான ரசீதை அப்ஹாம் கல்லூரிக்குக் காட்டவேண்டும். இல்லையென்றால் இடம் போகும். இடம் போனால் விசா போகும். கல்விக் கட்டணம் மாணவனின் சொந்தக் கணக்கிலிருந்துதான் போகவேண்டும் என்பது வங்கியின் விதி. கணக்கில் காசு போட மட்டும் யாரும் போடலாம். அதற்கு வங்கி ஒருபோதும் தடை சொன்னதில்லை.

கபூரின் மோட்டார் சைக்கிள் விலைப்பட்டது. கைறுன்னிஸாவின் நாலு காப்பும் விலைப்பட்டன. கலியாணத்தன்று போட்ட காப்பு. கழற்றச் சவர்க்காரம் தேவைப்பட்டது. கழற்றிய பிறகு அந்தக் கையைப் பார்க்கக் கபூருக்கு வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க மனைவியை நேரே பார்த்துப் பேசவில்லை.

வியாழன் காலை ஷாகிரா கல்குலேட்டரைத் தட்டி ஒரு தாளில் எழுதித் தந்தார்: பதினெட்டு லட்சத்து நாற்பத்தீராயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபா ஐம்பது சதம்.

“கூட ஒரு ஆயிரம் போட்டு வைக்கவா மகள்?” என்று கேட்டார் கபூர். “ஒரு பாதுகாப்புக்கு.”

“தேவல்ல சேர். வரி, கொமிஷன் எல்லாம் சேத்திட்டன். சதக் கணக்காச் சரி.”

சதக் கணக்காகச் சரி! ஓய்வுபெற்ற பிறகு இவ்வளவு இனிமையான ஒரு சொல்லை அவர் கேட்டதேயில்லை. ஐம்பது சதத்தையும் எண்ணிக் கட்டினார். கையில் மிஞ்சிய ஆயிரத்துக்கு வட்டிலப்பம் செய்யத் தேங்காயும் முட்டையும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஒரு மணிக்கு ஏற்பாடுகள் பூர்த்தியாகின. அப்ஹாமின் போனோடு கபூர் வாவிக்குள். தன்னுடைய போனில் மெல்பேர்னைப் பிடித்துக்கொண்டு கைறுன்னிஸா பின்வேலியில். அவருடைய போனுக்கு வீட்டு வைஃபையை விட்டால் உயிர் கிடையாது. நடுவில் அரிசி ஆலை இரைந்துகொண்டிருந்ததால், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. ஆகவே தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த நௌஷாட் என்ற மீனவர் 'அஞ்சல் நிலையமாக' நியமிக்கப்பட்டு, ஆலையோரம் நிறுத்தப்பட்டார். அன்றைய நாளுக்கு மூன்று எண்கள்தான் கிடைக்கும் என்று மகன் எச்சரித்திருந்தான்.

அப்ஹாம் மெல்பேர்னில் பொத்தானை அமுக்கினான். போன் பேசாமல் இருந்தது. பதினொரு நிமிடம் கழித்து ஓர் எண் வந்து சேர்ந்தது. அதற்கு எட்டு நிமிடத்துக்கு முன்பே அது காலமாகியிருந்தது.

இரண்டாம் எண் உடனே வந்தது. கபூர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிறருடைய தபாலைத் திறந்தார். முதல் வரி: 'எச்சரிக்கை! இந்த எண்ணை எவருக்கும் வெளியிடவேண்டாம்.' கபூர் வாயை மூடிக்கொண்டார்.

“காக்கா, வந்திச்சா?” என்று கபூரைப் பார்த்துக் கத்தினார் நௌஷாட்.

“வந்திச்சு. ஆனா சொல்லப்படாது எண்டு போட்டிரிக்கி.”

நௌஷாட் ஓடிப்போய் அதை வேலிக்கு அறிவித்தார். கைறுன்னிஸா சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்ப ஓடிவந்தார். “காக்கா, மதினி கேக்கிறா, ஒங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா எண்டு!”

“சட்டம் எண்டு ஒண்டு இரிக்கில்லயா நௌஷாட்?”

“என்ட கைக் காப்பு எங்க எண்டு கேட்டுப் பாக்கச் சொன்னா!”

கபூருக்குச் சுருக்கென்றது. குனிந்து பார்த்தார். மூன்று நிமிடம் போய்விட்டது.

நேரம் இரண்டரை. மூன்றாவது எண்ணுக்காகப் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார், எண் அல்ல. வேறு ஏதோ வங்கிச் செய்தி. பதிவேட்டில் பிறகு ஏற்றலாம் என்று விட்டார். உத்தியோக வாழ்வில் அவர் ஒத்திப்போட்ட முதல் பதிவு அது. அடுத்த 'டிங்'கில் எண் வந்தது.

“நாலு!” என்று அலறினார் கபூர்.

“நாலு!” என்றார் நௌஷாட்.

“நாலு!” என்றார் வேலியிலிருந்து கைறுன்னிஸா, மெல்பேர்னை நோக்கி.

ஏழு, ஒன்று, ஒன்பது, ஒன்பது, இரண்டு. உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எண்ணைத் திரும்பச் சொன்னார்கள். ஆலைக்காரர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு வந்து, “கடைசி ரெண்டா, மூண்டா?” என்று உறுதிப்படுத்திக்கொண்டார். வங்கியின் பரம இரகசியத்தை இப்படி ஒரு குறிச்சியே பொறுப்பேற்றுக் காத்தது வரலாற்றில் முதல் தடவையாக இருக்கலாம்.

“எடுத்திட்டு உம்மா! நம்பர பேங்க் எடுத்திட்டு!” என்று மெல்பேர்ன் கத்தியது. வேலியில் கைறுன்னிஸா அழுதுவிட்டார். நௌஷாட் தண்ணீரில் பாய்ந்து கபூரைக் கட்டிப்பிடித்தார். பிறகு போனில் மகனின் குரல் மெதுவாக வந்தது.

“உம்மா... மீதி போதாது எண்டு காட்டுது.”

“எவ்வளவு போதாது?”

“இருவத்தஞ்சு ரூபா.”

சேதி வாவிக்கு வந்து சேர்ந்ததும் கபூர் தண்ணீரில் நின்றபடியே, ஒத்திப்போட்ட அந்தச் செய்தியைத் திறந்தார். 'அன்பான வாடிக்கையாளரே, குறுஞ்செய்திச் சேவைக் கட்டணமாக உங்கள் கணக்கிலிருந்து ரூபா 25.00 கழிக்கப்பட்டுள்ளது. எம்மோடு இணைந்திருப்பதற்கு நன்றி.' நேரம், பிற்பகல் இரண்டு முப்பத்தொன்று.

ஈரச் சாரத்தோடு ஓட்டோ பிடித்து வங்கிக்குப் போய், இரண்டு ஐம்பத்திரண்டுக்கு இருபத்தைந்து ரூபாவைக் கட்டினார். வங்கி மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டது. ஆனால் மூன்று எண்ணும் முடிந்துவிட்டதால், வாடிக்கையாளரின் பாதுகாப்புக் கருதிக் கணக்கு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது.

“திறக்கிறத்துக்கு என்ன செய்யணும் மகள்?”

ஷாகிராவுக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கணக்குக்காரர் நேர்ல வரணும் சேர்.”

கணக்குக்காரர் நேரில் வந்தார். மூன்று வாரம் கழித்து, ஒரு பையோடு. கல்லூரி இரக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்துத் தொடங்கும் அடுத்த பிரிவுக்கு இடத்தை மாற்றித் தந்தது. விசா இரக்கப்படவில்லை. விமானச் சீட்டுக்குக் கடன் பட்டிருந்தான் பையன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கிளை முகாமையாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். “பாத்தீங்களா தம்பி, நேர்ல வந்தா எல்லாம் எவ்வளவு லேசு! இப்பவே திறந்து தாறம். போன் நம்பரையும் மாத்தலாம். ஒங்கட வெளிநாட்டு நம்பர் என்ன?”

“அத நிப்பாட்டிட்டு வந்திட்டன். இப்ப நான் வெளிநாட்டில இல்லயே.”

“அடடா!” முகாமையாளர் உண்மையாகவே வருந்தினார். “அப்ப மாத்தேலாது. அங்க போய் எடுத்திட்டு வாங்க.”

அப்ஹாம் சிரித்தான். ஷாகிரா கணக்கின் விபரத்தை அச்செடுத்துத் தந்தார். கபூர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் தடவினார். குறுஞ்செய்திச் சேவை, இருபத்தைந்து. நிறைவேறாத அனுப்புகைக்கான கட்டணம், ஐந்நூறு. கணக்குப் பூட்டிய கட்டணம், இருநூற்றைம்பது. பூட்டைத் திறந்த கட்டணம், அதேயளவு.

“சேர், ஒரு விளக்கம்” என்றார் கபூர், உத்தியோகக் குரலில். “இதெல்லாம் எடுக்கக்குள்ள ஓ.டி.பி. ஒண்டும் வரல்லயே. நான் ஒரு நாளும் தவறாம தண்ணிக்குள்ள நிண்டிரிக்கன். பதிவேடு இரிக்கி.”

முகாமையாளர் பொறுமையாக விளக்கினார். “ஓ.டி.பி. வாடிக்கையாளர் எடுக்கிறதுக்கு. இது வங்கி எடுக்கிறது. வங்கி ஆரெண்டு வங்கிக்குத் தெரியும்தானே?”

“கையெழுத்து?”

“தேவையில்ல.”

“நேர்ல வாற?”

“நாங்க எப்பவும் இஞ்சதானே இரிக்கிறம்!”

கபூர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரை அவர் மரியாதையில்லாமல் பார்த்தார்.

“எங்கட தபால் கந்தோர்லயும் ஒருத்தன் இருந்தான் சேர். ஒங்களப்போலதான், நல்ல சுறுசுறுப்பு. சனத்துட மணியோடர்க் காசில, சொந்தக்காரன் வராம, கையெழுத்தில்லாம, ஆளுக்கு இருவத்தஞ்சு ரூபாப்படி எடுத்தான். பதிவேட்டில 'சேவைக்கு' எண்டு எழுதி வெச்சிருந்தான்.”

“ஓ!” என்றார் முகாமையாளர், தொழில்முறை ஆர்வத்தோடு. “பிறகு?”

“ரெண்டு வருஷம் ஜெயில்ல மறியல். அதுக்கு மட்டும் அவன் நேர்ல போகவேண்டி வந்திச்சு.”