செம்பாறைப் பயணமும் பொருள் எண் நான்கும்

நிலவுக்கு மனிதனை அனுப்பியவர்கள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால், இவ்வளவு சொற்ப ஆயத்தத்தோடா ராக்கெட்டை ஏவினோம் என்று வெட்கித் தலைகுனிந்து போயிருப்பார்கள். மிகையாகச் சொல்லவில்லை. யூட்டா பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு போய், சிவந்த பாறைகளுக்கு நடுவே ஒருநாள் நடந்துவிட்டு வருவதற்காக என் கணவர் டாரன் தீட்டிய திட்டம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். பொருளடக்கம் தனி. பொருளடக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்க விளக்கமும் உண்டு.

டாரனுக்கு உறைந்த ஆப்பிள் பை எனும் பலகாரம் செய்யும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. அவர் பொறுப்பேற்ற பத்தொன்பது வருடங்களில் அங்கே ஒருவர்கூட ஏணியிலிருந்து விழுந்ததில்லை. ஏணியில் ஏற எட்டுப் படிவங்கள் நிரப்ப வேண்டும் என்பதால் யாரும் ஏணியில் ஏறுவதே இல்லை. இப்படிப்பட்ட மேதை வீட்டுக்கு வந்ததும் சும்மா இருப்பாரா?

ஜனவரி இரண்டாம் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும், முதல் கூட்டம் கூடியது. தலைவர் டாரன். செயலாளர் நான், மார்னி. என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். உறுப்பினர்கள் இருவர். ஒருத்தி எங்கள் மகள் ஹேட்டி, பதினெட்டு வயது. மற்றவன் என் தம்பி டேல். டயர் கடை வைத்திருக்கிறான். அடுப்பிலிருந்த டூனா மீன் கேசரோல் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், சாப்பிட்டு முடித்து எழுந்தபோது உறுப்பினராக எழுந்தான்.

பொருள் எண் ஒன்று, இலக்கு. பொருள் எண் இரண்டு, இலக்கின் நோக்கம். பொருள் எண் மூன்று, நோக்கத்தின் இலக்கு. எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. பொருள் எண் நான்கு, உறுப்பினர் விருப்பம்.

ஹேட்டி எழுந்தாள்.

"ஆகஸ்ட்ல நான் ஏர்ஃபோர்ஸுக்குப் போயிடுவேன். அப்புறம் எப்ப லீவு கிடைக்கும்னு எனக்கே தெரியாது. எனக்கு அந்தப் பாறைகூட முக்கியமில்லப்பா. உன்கூட ஒரு நாள் நடக்கணும். நீயும் நானும் பேசிக்கிட்டே. அவ்ளோதான்."

டாரனின் கண் கலங்கிவிட்டது. இதை நான் சத்தியமாகவே சொல்கிறேன்.

"அருமையான கருத்து," என்றார். "அவசரப்பட்டு முடிவெடுக்கற விஷயம் இல்ல இது. அடுத்த கூட்டத்துல முதல் வேலையா எடுத்துக்கறோம். மார்னி, குறிச்சுக்கோ."

குறித்துக்கொண்டேன். 'பொருள் எண் நான்கு: ஒத்திவைக்கப்பட்டது.'

அடுத்த கூட்டத்தில் அதை எடுக்க முடியாதபடி காலுறைப் பிரச்சினை குறுக்கிட்டது. காலுறை உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர், செயலாளர், உறுப்பினர், எல்லாமே டாரன்தான். ஒன்பது வகைக் காலுறைகள் மூன்று வாரங்கள் 'ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன'. ஈரச் சோதனைக்காக ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு, முழு உடுப்போடு, கையில் கடிகாரத்தோடு குளியல் தொட்டியில் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று வாரமும் நாங்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் குளித்தோம். அறிவியல் வளரும்போது சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கத்தானே வேண்டும்.

"மாப்ள, ஒரு நாள் நடக்கறதுக்கு எத்தன ஜோடி சாக்ஸு?" என்றான் டேல்.

"கொப்புளம் வந்தா யாரு பொறுப்பு?"

"கால்தான்."

இந்தப் பதில் குறிப்பேட்டில் ஏறவில்லை. ஆனால் டாரனின் மனதில் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறே 'குடும்ப நடைப்பயண விதிகள்' வெளியாயின. விதி ஏழு இப்படிச் சொன்னது: ஜூன் முதல் தேதிக்குள் முதுகில் சுமையோடு அறுபது மைல் நடந்து பயிற்சி பெறாத எவரும் பள்ளத்தாக்கில் இறங்கக் கூடாது. தலைவர் உட்பட எவருக்கும் விலக்கு இல்லை.

'தலைவர் உட்பட' என்று எழுதும்போது டாரனின் பார்வை டேலின் நாற்பத்தாறு அங்குல இடுப்பின் மேல் இருந்தது.

"இது என்ன ஒதுக்கறதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு," என்றான் டேல்.

"விதிக்கு முகம் கிடையாது டேல்."

"முகம் இல்ல சரி. வயிறு இருக்கு போலிருக்கே. என் சைஸுல."

பிறகு குலுக்கல் வந்தது. நாங்கள் போகவிருந்த லாந்தர் கேன்யன் பள்ளத்தாக்கில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு மேல் இறங்க விடமாட்டார்கள். நான்கு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். யார் பெயருக்குச் சீட்டு விழுகிறதோ அவர்தான் குழுவின் தலைவர். அவர் அடையாள அட்டையோடு நேரில் வராவிட்டால் மற்றவர்களும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். வாய்ப்பு கூடட்டும் என்று டாரன் நாங்கள் நால்வர் பெயரிலும் தனித்தனியே விண்ணப்பித்தார். டேலின் பெயரை 'எண்ணிக்கைக்காக' மட்டுமே சேர்ப்பதாக அவரே வாய்விட்டுச் சொன்னார்.

மார்ச்சில் முடிவு வந்தது. ஜூன் பதினான்காம் தேதிக்குச் சீட்டு விழுந்திருந்தது. தலைவர்: டேல்.

 டாரன் முடிவை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நான் இல்லாம நீ உள்ள போக முடியாதாமே?" டேல் கேசரோல் கரண்டியை நக்கிக்கொண்டே கேட்டான்.

"விதி ஏழ கொஞ்சம் தளர்த்திடுப்பா," என்றாள் ஹேட்டி. "மாமா மெதுவா வரட்டும்."

"விதி விதிதான்," என்றார் டாரன். "தேவைன்னா டேல் நடக்கட்டும்."

டேல் நடந்தான். ஒஹாயோவில் எங்கள் ஊர்ப் பக்கம் தரை மேசையைப் போல் இருக்கும். மாவட்டத்திலேயே உயரமான இடம், மூடி மண்போட்டுப் புல் வளர்த்த பழைய குப்பைக் கிடங்குதான். சனிக்கிழமைதோறும் நாங்கள் மூன்று பேரும் அங்கே போவோம். தண்ணீர்க் குழாயில் சுண்ணாம்பு படியாமல் இருக்கப் போடும் உப்பு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, அந்தக் குப்பைமலையில் ஏறி இறங்குவோம். மழை பெய்தாலும் போவோம். மே மாதத்தில் டேலின் பெல்ட்டில் புதிதாக மூன்று துளைகள் விழுந்திருந்தன. மூச்சிரைக்காமல் ஜோக் அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். இதற்கு அவன் மூச்சிரைத்ததே மேல் என்று ஹேட்டி சொன்னாள்.

புறப்படும் முன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் நிலவறைப் படிக்கட்டின் தலைப்பில் நின்று கூப்பிடுவாள்.

"அப்பா, வரியா?"

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேன் கண்ணு. வழியில எங்கெங்க பாத்ரூம் நிறுத்தம்னு முடிவு பண்ணிட்டிருக்கேன். நெப்ராஸ்கால ஒரு சிக்கல் இருக்கு."

அடுத்த வாரம் தேள் கடிக்கான செயல்முறை. அதற்கடுத்த வாரம், தேள் கடிக்காவிட்டால் செய்ய வேண்டியவை. ஞாயிறுதோறும் நான் பொருள் எண் நான்கை வாசிப்பேன். "முக்கியமான விஷயம், அவசரத்துல தொடக் கூடாது," என்பார் டாரன். ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதுவேன். பதினெட்டு முறை எழுதிய பிறகு அந்த வார்த்தை என் கையெழுத்தில் அச்சடித்ததைப் போல் அழகாக வந்தது.

ஜூன் முதல் தேதி இறுதிக் கூட்டம். யார் எவ்வளவு நடந்தார்கள் என்பதை டாரன் சுவரில் பெரிதாகப் படம் காட்டினார். நடந்த மைல்களை ஒவ்வொருவரின் கைக்கடிகாரமும் தானாகவே கணினிக்கு அனுப்பிவிடும்படி அவரே செய்து வைத்திருந்தார். ஹேட்டி எண்பத்தொன்று, பச்சை. நான் அறுபத்தாறு, பச்சை. டேல் எழுபத்துமூன்று, பச்சை. கடைசியாக ஒரு சிவப்புக் கோடு, குட்டியாக. டாரன், இரண்டு மைல் சொச்சம். அதிலும் ஒன்றே முக்கால் மைல் நிலவறைக்கும் மாடியிலிருந்த அச்சு இயந்திரத்துக்கும் இடையே நடந்தது.

டேல் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"விடு மாப்ள," என்றான். "தேஞ்ச டயரோடயே ஊர் போய்ச் சேர்ந்த வண்டிங்கள நான் எத்தனயோ பார்த்திருக்கேன். மெதுவா நடப்போம். முடியலன்னா பாதியில திரும்பிடலாம். சீட்டு என் பேர்ல இருக்கு, நான் சொல்றேன்."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுடுப்பா," என்றாள் ஹேட்டி. "ஒரே ஒரு பக்கம். இன்னும் இருநூத்திப் பதிமூணு இருக்கும்ல."

"டாரன், பத்து நாளுக்கு மேல இருக்கு," என்றேன் நான். "நாளைலேர்ந்து என்கூட வா. குப்பைமலை எங்கயும் போயிடல."

டாரன் எழுந்து நின்றார். அந்த முகத்தில் இருந்த தியாக ஒளியை நான் எங்கள் திருமணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"நான் எழுதின விதிய நானே மீறினா, அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு?" என்றார். "நான் இறங்க மாட்டேன். மேலயே இருந்து 'தலைமைக் கட்டுப்பாட்டு நிலைய'த்தப் பார்த்துக்கறேன்."

கட்டுப்பாட்டு நிலையத்துக்கான விவரங்கள் அப்போதே தயாராக இருந்தன. பக்கம் நூற்றுத் தொண்ணூறிலிருந்து இருநூற்றுப் பத்து வரை. அச்சிட்ட தேதி ஏப்ரல்.

திட்டப்படியே மூன்று நாள் வண்டி ஓட்டி, திட்டமிட்ட பதினேழு நிறுத்தங்களிலும் நின்று, திட்டமிட்ட நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். அந்த நான்கு நிமிடத்தையும் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்தே கழித்தோம். பாதை தொடங்கும் இடத்தில் சீட்டைச் சரிபார்த்த காவலர்ப் பெண் டேலின் அட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், டாரன் கையிலிருந்த தடித்த திட்டக் கோப்பைப் பார்த்தாள்.

"என்ன சார் இது, கேஸ் ஏதாவது நடக்குதா?"

"திட்டம்," என்றார் டாரன்.

"நாலு பேருக்குச் சீட்டு இருக்கு. மூணு பேர்தான் போறீங்களா? இதுக்காக ஜனங்க வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்காங்க சார்."

"எனக்குத் தகுதி இல்லைங்க," என்றார் டாரன், அடக்கமாக.

வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கு நாற்காலி, குடை, மேசை, வாக்கி-டாக்கி எல்லாம் வைத்துக்கொண்டு அவர் அமர்ந்தார். நாங்கள் இறங்கினோம். கால் மைல் போனதும் பாறைகள் இருபுறமும் நெருங்கின. கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். மேலே எங்கிருந்தோ வெயில் ஒரு சுவரில் விழுந்து, அங்கிருந்து தெறித்து எதிர்ச்சுவரில் விழ, கல்லே உள்ளிருந்து எரிவதைப் போல் சிவந்திருந்தது. டேல் தொப்பியைக் கழற்றிவிட்டான். 

ஹேட்டி வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"அப்பா, கேக்குதா?"

"கட்டுப்பாட்டு நிலையம் பேசுது. எந்தக் குறியீட்டு இடத்துல இருக்கீங்க?"

"தெரியலப்பா. முதல் வளைவு. இங்க ஒரு மாதிரி இருக்குப்பா, எனக்குச் சொல்லத் தெரியல. எழுந்து வாயேன். பத்தே நிமிஷம். தரை சமமாத்தான் இருக்கு. இதுவரைக்கும் வந்தா போதும், சேர்ந்து திரும்பிடலாம்."

கரகரவென்று சத்தம்.

"ஹேட்டி, நீங்க பதினோரு நிமிஷம் லேட்டு. தண்ணி எவ்ளோ குடிச்ச? மில்லிலிட்டர்ல சொல்லு."

"அப்பா."

"இருந்த இடத்த விட்டு நான் நகரக் கூடாதும்மா. விதி பன்னிரண்டு."

அவள் வாக்கி-டாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தாள். இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் பாறை மறைத்து, சத்தம் தானாகவே நின்றுபோனது. அதன்பின் ஏழு மணி நேரம் நடந்தோம். அவள் என்னோடு நன்றாகப் பேசினாள், டேலோடும் பேசினாள். இடையிடையே திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

நாங்கள் மேலே வந்தபோது டாரன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுகூட இல்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்டில் அவளை விமான நிலையத்தில் விட்டபோது, அவள் எடுத்துப்போக வேண்டிய பொருள்களின் பட்டியலை லேமினேட் செய்து கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அந்தப் பட்டியலில் எதுவும் விடுபடவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு மீளாய்வுக் கூட்டம். கேசரோல் இருந்தும் டேல் வரவில்லை. சனி, ஞாயிறுகளில் குப்பைமலைக்குப் போய்விடுகிறான். தலைவரும் செயலாளரும் மட்டுமே. பயணம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வெற்றி என்று டாரன் அறிவித்தார். மூன்று மதிப்பெண் அந்தப் பதினோரு நிமிடத்துக்காகக் குறைந்தது.

"பழைய பொருள் ஏதாவது நிலுவைல இருக்கா மார்னி?"

நான் வாசித்தேன். ஜனவரி இரண்டாம் ஞாயிறு, பொருள் எண் நான்கு, உறுப்பினர் விருப்பம்.

டாரன் பேனாவை மேசைமேல் வைத்தார். எதிரே ஹேட்டி உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்தார். 

"இனிமே அத எடுத்து என்ன பண்றது? முடிச்சுடு."

என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: 'பொருள் எண் நான்கு. மனுதாரர் வீட்டை விட்டுச் சென்றுவிட்டபடியால் முடித்துவைக்கப்பட்டது. விபத்து ஏதும் இல்லை.'